ஆளில்லா ட்ரைபாட்

பாறை மேல் ட்ரைபாட் நின்றது. ஆளைக் காணோம்.

கேமராவும் இல்லை. மூன்று கால்களையும் அகட்டி வைத்துக்கொண்டு, தலையில் ஒன்றுமில்லாமல், ஸ்கார்மியர் ஏரியைப் பார்த்தபடி அது தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், ஒற்றையடிப் பாதையில், ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர். மூன்று பேர் கழுத்திலும் கேமரா. மூன்று பேர் முகத்திலும் கொலைவெறி. ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

நான்காவதாக வந்து சேர்ந்தார் கிளிஃபர்ட் பிர்க்கெட். அவருக்குப் பின்னால் தேநீர் ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு அவர் மனைவி மேவிஸ்.

"யாரோடது?" என்றார் கிளிஃபர்ட் மெல்ல.

"தெரியலை," என்றார் வரிசையில் முதலாவதாக நின்ற பெர்னார்ட் நட்டால். "நான் வரும்போதே இருந்துச்சு."

"ஆள்?"

"ஆள் இல்லை."

"எவ்வளவு நேரமா?"

"நான் இருட்டோட வந்தேன். அப்பவே இல்லை."

கிளிஃபர்ட் கைக்கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

பார்க்காமல் என்ன செய்வார்? ஸ்கார்மியர் ஏரியின் நடுவில் ஒரு சின்னத் திட்டு. திட்டில் ஒற்றை பிர்ச் மரம். அக்டோபர் கடைசியில், வருஷத்துக்கு ஒரே ஒரு வாரம், அது முழுக்கப் பொன்னாகிவிடும். அந்த ஒரு வாரத்தில் ஏதாவது ஒரு காலையில் காற்று அடங்கி, மூடுபனி விலகி, எதிர்மலையின் தோளைத் தாண்டி வெயில் அந்த மரத்தின் மேல் மட்டும் விழ வேண்டும். விழுந்தால் தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு பொன்மரம் முளைக்கும். நாலைந்து நிமிஷம்தான். அதைப் பிடிக்க ஒரே இடம், கரையிலிருந்து ஏரிக்குள் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாறை. ஒரு ட்ரைபாட் வைத்தால் பாறை நிறைந்துவிடும். இந்தப் பக்கம் நாணல். அந்தப் பக்கம் இடுப்பளவு சேறு.

ஆகவே வரிசை. முதலில் வந்தவர் முதலில். நாலு படம் எடுத்ததும் ஒதுங்கி அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததனாலேயே யாரும் மீறியதில்லை. அடுத்தவர் ட்ரைபாடைத் தொடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுத்தவர் மனைவியைத் தொட்ட கதைகள் எங்கள் ஊரில் இரண்டு மூன்று உண்டு, காலப்போக்கில் மன்னித்தும் விட்டோம். ட்ரைபாடைத் தொட்ட கதை ஒன்றுகூடக் கிடையாது.

இந்த வருஷம் செப்டம்பரில் பிடித்த மழை விடவே இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காலை மட்டும் தெளிவாக இருக்கும் என்று வானிலை அறிவிப்பில் சொன்னார்கள். மறுநாள் திங்கட்கிழமை, கேமரா கிளப்பின் இலையுதிர்காலக் கோப்பைக்குப் படம் கொடுக்கக் கடைசி நாள்.

கிளிஃபர்டின் தலை போகிற விஷயம் அந்தக் கோப்பையில்தான் இருந்தது.

கோப்பை ஜெயிப்பதைப் பற்றி அவர் கனவுகூடக் கண்டதில்லை. எங்கள் கிளப்பில் இரண்டு பிரிவுகள். முதல் பிரிவு வியாழக்கிழமை மாலை கூடும். ஆரம்பநிலைப் பிரிவு செவ்வாய்க்கிழமை மாலை. கோப்பைப் போட்டியில் இருபதுக்குப் பன்னிரண்டு மார்க் வாங்காத முதல் பிரிவுக்காரர் அடுத்த ஒரு வருஷத்துக்கு ஆரம்பநிலைக்கு இறங்க வேண்டும். கிளிஃபர்ட் போன வருஷம் வாங்கியது பன்னிரண்டு. அதற்கு முந்தின வருஷமும் பன்னிரண்டு. "படத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. அதுதான் பிரச்சினை," என்று அப்போதைய நடுவர் பெருமூச்சு விட்டார்.

கிளிஃபர்ட் வேலையே சரி தப்புப் பார்ப்பதுதான். ஓட்டுநர் தேர்வு அதிகாரி. இந்த வட்டாரத்தில் பாதிப் பேரை அவர் ஒரு முறையாவது ஃபெயில் ஆக்கியிருக்கிறார். அந்தப் பாதிப் பேரில் பதினோரு பேர் ஆரம்பநிலைப் பிரிவில் இருந்தார்கள். அவர் இறங்கி வரும் நாளுக்காக அவர்கள் கேக் செய்யக்கூடத் தயாராக இருந்தார்கள்.

அது மட்டுமல்ல. ஆரம்பநிலைப் பிரிவின் அமைப்பாளர், மேவிஸ். வசந்தத்தில்தான் சேர்ந்தாள், கைபேசியில்தான் படம் எடுப்பாள், ஆனால் சேர்ந்த ஒரு மாதத்தில் மொத்தப் பிரிவும் அவள் கைக்குள்.

"நீ மட்டும் கீழ இறங்கி வந்தேன்னு வை," என்று காலையில் காரில் வரும்போதுகூடச் சொன்னாள், "நான் நீச்சல் கிளப்புல சேர்ந்துடுவேன். எனக்கு நீச்சல் தெரியாது. இருந்தாலும் சேர்ந்துடுவேன்."

அப்படி ஒரு காலையில், அப்படி ஒரு பாறையில், அப்படி ஒரு ட்ரைபாட்.

"இது என்ன நியாயம்?" என்றார் கிளிஃபர்ட்.

"நியாயமே இல்லை," என்றார் பெர்னார்ட். ஒன்பது லென்ஸ் வைத்திருப்பவர். ஒன்பதையும் முதுகில் சுமந்துகொண்டுதான் எங்கும் போவார். அதனால் எதையும் சற்றுக் குனிந்தே சொல்வார்.

"புதுசா இருக்கு," என்றார் இரண்டாவதாக நின்ற இமோஜன். எங்கள் சர்ச்சின் பெண் பாதிரியார். எட்டு மணி ஆராதனைக்குள் திரும்பியாக வேண்டும். அங்கி கார் பின்சீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. "விலை ஒட்டினது கூடக் கிழிக்கலை பாருங்க."

மூன்றாவதாக நின்ற ஃபெர்கஸ் "ம்" என்றார். பேக்கரிக்காரர். அடுப்பை அணைத்துவிட்டு நேரே வந்திருந்தார். நாள் முழுக்க அவர் பேசுவது அவ்வளவுதான்.

முதல் பிரிவில் மொத்தமே இந்த நாலு பேர்தான்.

"நான் சொல்றேன் இது என்னன்னு," என்று கிளிஃபர்ட் ஆரம்பித்தார். அவருக்குக் கோபம் வந்தால் தேர்வு முடிவு அறிவிக்கிற குரல் வந்துவிடும். "நேத்து சாயங்காலமே வந்து வெச்சுட்டுப் போயிட்டான். வெச்சுட்டு வீட்டுக்குப் போய்ச் சுகமாத் தூங்கறான்."

மூன்று பேரும் மூச்சை உள்ளே இழுத்தார்கள். அப்படி ஒரு சாத்தியம் அவர்கள் மனசில் தோன்றியதே இல்லை.

"அப்படிக்கூடச் செய்வாங்களா?" என்றார் இமோஜன்.

"ஸ்பெயின்ல ஹோட்டல் நீச்சல் குளத்துல பார்த்ததில்லை? விடியறதுக்கு முன்னாடியே ஜெர்மன்காரங்க வந்து நாற்காலிக்கெல்லாம் துண்டு போட்டுட்டுப் போவாங்களே? அது மாதிரி இவன் ஏரிக்குத் துண்டு போட்டிருக்கான்."

"டீ யாருக்கு வேணும்?" என்றாள் மேவிஸ்.

"இவன் மட்டும் என்கிட்ட லைசென்ஸுக்கு வரட்டும். காரை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே ஃபெயில். பெல்ட் போடறதுக்கு முன்னாடியே ஃபெயில்!"

"சூடா இருக்கு. சர்க்கரை போட்டே கொண்டுவந்தேன்."

"கழுத்தை நெரிக்கணும், பெர்னார்ட். நான் சாதாரணமா இப்படியெல்லாம் பேசறவன் இல்லை. ஆனா நெரிக்கணும்."

"நெரிக்கலாம்," என்றார் பெர்னார்ட். "ஆனா தொட முடியாதே."

உண்மை. அதுதான் விஷயமே. நாலு பேரும் அந்த ட்ரைபாடைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். எதிர்மலைக்குப் பின்னால் வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. மூடுபனி கிழிந்து கிழிந்து போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. பாதையிலிருந்து எடுத்தால் படத்தின் நட்டநடுவில் மூன்று கறுப்புக் கால்கள்.

"ஒருவேளை," என்றார் இமோஜன் தயங்கித் தயங்கி, "அவர் ஒதுங்கப் போயிருந்தா?"

நாலு தலைகளும் வலப்பக்கப் புதரைப் பார்த்தன. உடனே நாலு தலைகளும் இடப்பக்கம் திரும்பிக்கொண்டன.

"இவ்வளவு நேரமாவா?"

"வயசானவரா இருக்கலாம்."

"யாராவது போய்ப் பார்க்கலாம்," என்றார் கிளிஃபர்ட்.

"நான் போறது நல்லா இருக்காது," என்றார் பெர்னார்ட்.

"நான் போறது அதைவிட நல்லா இருக்காது," என்றார் இமோஜன்.

ஃபெர்கஸ் தரையைப் பார்த்தார்.

கடைசியில் பெர்னார்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, புதரை நேராகப் பார்க்காமல், வானத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஹலோ! அவசரம் ஒண்ணுமில்லைங்க! நிதானமா வாங்க! சும்மா, நாங்க இருக்கோம்னு சொல்றதுக்காக!"

புதர் அசைந்தது. நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

வெளியே வந்தது ஓர் ஆடு. முதுகில் அடையாளத்துக்கு நீலச் சாயம் பூசிய ஆடு. அவர்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அப்போதுதான் ஃபெர்கஸ் வாயைத் திறந்தார். "விழுந்திருப்பான்."

"எங்கே?"

ஃபெர்கஸ் மோவாயால் ஏரியைக் காட்டினார்.

ஓர் அலைகூட இல்லாத ஏரி. அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி. அந்த அமைதியை நாலு பேரும் இப்போது வேறு கண்ணோடு பார்த்தார்கள்.

"யாராவது இறங்கிப் பார்க்கணும், இல்லையா?" என்றார் இமோஜன்.

"பார்க்கணும்தான்," என்றார் பெர்னார்ட்.

"கட்டாயம் பார்க்கணும்," என்றார் கிளிஃபர்ட்.

யாரும் நகரவில்லை.

"இறங்கினா தண்ணி கலங்கும்," என்றார் பெர்னார்ட், யாரிடமும் இல்லாமல்.

"கலங்கும்."

"அடங்க ரொம்ப நேரமாகும்."

இமோஜன் மலையைப் பார்த்தார். உச்சி விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு விழுந்திருந்தது. தண்ணீரைப் பார்த்தார். "இருட்டுலயே விழுந்திருந்தா, இந்நேரம் எப்படியும்…" என்று இழுத்தவர், கைகளைக் கூப்பிக்கொண்டார். "நான் இங்கிருந்தே அவருக்காக ஜெபம் பண்றேன்."

"யாரும் விழலை!" என்று கத்தினாள் மேவிஸ்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேவிஸ் முகம் சிவந்தது. "விழுந்திருந்தா… தொப்பி மிதக்குமே. கிளிஃப், ஒரு நிமிஷம் இப்படி வா. உன் கோட்டுல என்னமோ ஒட்டியிருக்கு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"அது என்னோடது."

"எது?"

"ட்ரைபாட்."

"உன்கிட்ட ஏது ட்ரைபாட்? நீ ஃபோன்ல படம் எடுக்கறவ."

"உனக்காக வாங்கினேன். நேத்து சாயங்காலம் நாயை நடக்கக் கூட்டிட்டுப் போனேன் இல்லை?"

"இங்கேயா? இது எட்டு மைல்!"

"கார்லதான் போனேன். நாய் பின்சீட்டுல தூங்கிச்சு."

கிளிஃபர்ட் பாறையில் சாய்ந்துகொண்டார். "துண்டு போட்டியா, மேவிஸ்?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்தது. அவள் வேறு ஏதாவது துரோகம் செய்ததாகத் தெரிய வந்திருந்தால்கூட இவ்வளவு உடைந்திருக்காது.

"நாமதான் முதல்ல வருவோம்னு நெனைச்சேன். வந்ததும் இந்தா உன் ட்ரைபாட், உன் இடம்னு காட்டலாம்னு இருந்தேன். முப்பது மைல்னு பலகை இருந்தா நீ இருபத்தொன்பதுல ஓட்டுவேன்னு யாருக்குத் தெரியும்? நடுவுல ஆடு குறுக்கே வந்தா, அதுக்கு இண்டிகேட்டர் போட்டுட்டு நிப்பானா ஒருத்தன்?"

"அது முறை."

"ஆடு பாட்டுக்குப் போயிடுச்சு! நீ நின்னுட்டே இருந்த!"

"வந்த உடனே சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள நீ பெல்ட் போடறதுக்கு முன்னாடியே ஃபெயில்னுட்ட."

பாறைக்கு அப்பால் இமோஜன் ஜெபம் செய்யும் முணுமுணுப்பு கேட்டது.

"இப்ப ரெண்டே வழி," என்றாள் மேவிஸ். "ஒண்ணு, போய் அது என்னோடதுன்னு சொல்லிட்டுப் படத்தை எடு. இல்லைன்னா இப்படியே வரிசையில நில்லு, மூணு காலைப் படமெடு, எட்டு மார்க் வாங்கு, செவ்வாய்க்கிழமை வந்து என் பக்கத்துல உட்காரு. வெள்ளைத் தட்டுல வெள்ளை முட்டையை வெச்சுப் படமெடுக்கச் சொல்லித் தருவேன்."

"அவன் கழுத்தை நெரிக்கணும்னு இப்பத்தான் சொன்னேன்."

"நெரிச்சுக்கோ. படத்தை எடுத்துட்டு நெரிச்சுக்கோ."

"உனக்கு ஏன் இவ்வளவு அக்கறை?"

மேவிஸ் ஃபிளாஸ்கைக் கீழே வைத்தாள். "அந்த ஒரு சாயங்காலம்தான், கிளிஃப். வாரத்துக்கு ஒரே ஒரு சாயங்காலம், நான் கப்பை எடுத்தா எந்தக் கையில எடுக்கணும்னு சொல்ல யாருமில்லை. கதவைச் சாத்தினா சாத்தியாச்சான்னு கேட்க யாருமில்லை."

"நான் எப்ப அப்படியெல்லாம் சொன்னேன்?"

"இப்பக்கூட ஃபிளாஸ்க் மூடியையேதான் பார்த்துட்டு இருக்க."

மூடி சரியாகத் திருகியிருக்கவில்லை. கிளிஃபர்ட் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

மலை விளிம்பில் மஞ்சள் கோடு தடித்திருந்தது.

கிளிஃபர்ட் தன் மேல்கோட்டைச் சரிசெய்துகொண்டார். கேமராவைப் பிடித்துக்கொண்டார். பாறைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி வரிசைக்கு முன்னால் போய் நின்றார்.

"அது என்னோடது."

"எது?" என்றார் பெர்னார்ட்.

"ட்ரைபாட்."

இமோஜன் ஜெபத்தைப் பாதியில் நிறுத்தினார்.

"நீங்க எங்களோடதானே நின்னீங்க," என்றார் பெர்னார்ட்.

"ஆமா."

"யாரோடதுன்னு கேட்டதே நீங்கதானே."

"கேட்டேன்."

"கழுத்தை நெரிக்கணும்னு…"

"பொதுவாச் சொன்னேன்."

கூச்சல் போட்டிருந்தால் தேவலை. சட்டையைப் பிடித்திருந்தால் இன்னும் தேவலை. எங்கள் ஆட்களுக்கு உண்மையிலேயே கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும்.

"நீங்க தண்ணியில விழலைங்கறது எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம், கிளிஃபர்ட்," என்றார் இமோஜன். சாவு வீட்டில் பேசுகிற குரல் அது.

"தயவுசெஞ்சு போங்க," என்றார் பெர்னார்ட். "உங்க இடம்தானே. நாங்க இருட்டுல வந்து நின்னது சும்மா காலாற."

ஃபெர்கஸ் "ம்" என்றார். அந்த "ம்" எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

"மன்னிக்கணும்… மன்னிக்கணும்… மன்னிக்கணும்," என்று ஒவ்வொருவரையும் தாண்டி, கிளிஃபர்ட் பாறையில் ஏறினார். முதுகில் ஆறு கண்கள் குத்தின. போகட்டும். படம் கிடைத்துவிடும். பன்னிரண்டென்ன, பதினெட்டே கிடைக்கும். கேமராவை ட்ரைபாட் தலையில் வைத்து அழுத்தினார்.

உட்காரவில்லை.

திருப்பி வைத்தார். உட்காரவில்லை. பக்கவாட்டில் வைத்தார். வழுக்கியது.

கேமராவின் அடியில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதுதான் ட்ரைபாட் தலைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு தகடு. கிளிஃபர்ட் கேமராவில் இருந்தது பழைய ட்ரைபாடின் சதுரத் தகடு. புதியதன் தலையில் இருந்ததோ வட்டமான பள்ளம்.

"மேவிஸ்! இதோட பெட்டியில ஒரு தகடு இருந்துச்சா?"

"குட்டியா ஒண்ணு இருந்துச்சு!" என்று கரையிலிருந்து பதில் வந்தது. "எதுக்குன்னு தெரியலை! வீட்டு அலமாரியில பத்திரமா வெச்சிருக்கேன்!"

அந்த நொடியில் வெயில் மலையின் தோளைத் தாண்டியது.

பிர்ச் மரத்தின் உச்சி பற்றிக்கொண்டது. கிளை கிளையாகப் பொன் கீழே இறங்கியது. தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு மரம், உச்சியில் ஆரம்பித்து வேர்வரை மெதுவாக முளைத்து வந்தது. பின்னால் யாரோ "ஆண்டவரே" என்றார்கள். பாதிரியாராகத்தான் இருக்க வேண்டும், பெர்னார்ட் நாத்திகர்.

கிளிஃபர்ட் கேமராவை அந்தப் பள்ளத்தில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். ட்ரைபாட் இருக்கும்போது கையில் பிடித்து எடுப்பது முறையல்ல என்பது அவர் கொள்கை. வரிசையில் நின்றவர்கள் இதைப் பார்த்தார்கள். கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும்; ஒரு மனுஷன் கஷ்டப்படும்போது சும்மா நிற்பது மரியாதையா? தவிர, இவர் முடித்தால்தான் அடுத்தவர் முறை வரும்.

"நான் பிடிச்சுக்கட்டுமா?" என்று பெர்னார்ட் ஒன்பது லென்ஸோடு பாறையில் ஏறினார்.

"வேண்டாம், பரவாயில்லை…"

"கொஞ்சம் இப்படித் திருப்பினா?" என்று இமோஜன் ஏறினார்.

ஃபெர்கஸ் எதுவும் கேட்காமலே ஏறினார்.

ஒரு ட்ரைபாடுக்கு மட்டுமே இடமுள்ள பாறையில் ஒரு ட்ரைபாடும் நாலு பேரும். நல்லவேளையாகக் கிளிஃபர்ட் கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டார். பெர்னார்டின் முதுகுப் பை திரும்பியது. அது இமோஜனை இடித்தது. இமோஜன் கால் ட்ரைபாடின் ஒரு காலைத் தட்டியது.

"மன்னிக்கணும்," என்றார் இமோஜன்.

"இல்லை இல்லை, என் பைதான். நான்தான் மன்னிக்கணும்," என்றார் பெர்னார்ட்.

ட்ரைபாட் சாய ஆரம்பித்தது.

"நான் ஏறியே இருக்கக் கூடாது. மன்னிக்கணும்."

"சேச்சே, தப்பெல்லாம் என்னோடது," என்றார் கிளிஃபர்ட். "ஆரம்பத்துலேர்ந்தே."

இன்னும் சாய்ந்தது.

"அப்படிச் சொல்லாதீங்க, கிளிஃபர்ட். நாங்களும் கொஞ்சம் கடுமையாப் பேசிட்டோம்."

"பிடிங்க யாராவது!" என்று கரையிலிருந்து மேவிஸ் அலறினாள்.

நாலு பேரும் ஒரே சமயத்தில் கை நீட்டினார்கள். நாலு பேரும் ஒரே சமயத்தில், அடுத்தவருக்கு வழிவிட்டு, கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

தொப்பென்று விழுந்தது.

பொன்மரம் நூறு துண்டானது. முதல் வளையம், இரண்டாவது வளையம், ஏரி முழுக்க வளையம். பொன்னும் நீலமும் கறுப்பும் குழம்பிக் கூழாகிப் பாறையில் மோதி அவர்கள் பூட்ஸை நனைத்தன. பாறையோரம் ஆழமில்லை, ட்ரைபாடின் ஒரு கால் மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

என்ன செய்வது? வெயில் இருக்கும்போதே எடுத்தாக வேண்டும். பாறையில் நெருக்கியடித்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் முழங்கை இடிக்க, நாலு பேரும் சடசடவென்று அந்த அலையையே எடுத்துத் தள்ளினார்கள். அலை அடங்குவதற்கு முன்னால் மேகம் வந்து மூடிவிட்டது. பிறகு மழை.

நாலு பேரும் கேமராவைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு கரைக்கு இறங்கினார்கள்.

"பன் வேணுமா?" என்றார் ஃபெர்கஸ்.

அடுத்த வாரம் லங்காஸ்டரிலிருந்து நடுவர் வந்தார். கழுத்தில் சங்கிலியோடு கண்ணாடி தொங்கும் ஓர் அம்மாள். எங்கள் சர்ச் கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, திரையில் ஒவ்வொரு படமாகக் காட்டினோம். யாருடைய படம் என்று நடுவருக்குச் சொல்வதில்லை, தலைப்பு மட்டும்தான்.

"'கலக்கம்'," என்று தலைப்பை வாசித்து, பெர்னார்டின் படத்தைப் பார்த்தார் அம்மாள். "ம். அலை. முயற்சி தெரியுது."

அடுத்தது இமோஜனின் 'சோதனை வேளை'. "இதுவும் அலை."

அடுத்தது ஃபெர்கஸின் 'தண்ணி'. அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "உங்க ஏரியில முதலை ஏதாவது வளர்க்கறீங்களா?"

கடைசியாகக் கிளிஃபர்டின் 'விபத்து'. பொன் குழம்பு நடுவே ஒரு கறுப்புக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. ஏரியின் விளிம்பு கோணல். பாதி மரம் வெளியே. அவர் வாழ்க்கையில் எடுத்த படங்களிலேயே முதல் முறையாக எதுவுமே சரியாக இல்லை.

"இதுல ஏதோ நடந்திருக்கு," என்றார் அம்மாள். "என்னன்னுதான் புரியலை. பதினொண்ணு."

மற்ற மூன்றுக்கும் பத்து, ஒன்பது, ஒன்பது.

கூடத்தில் விளக்கு போட்டபோது நிலைமை எல்லோருக்கும் உறைத்தது. அதிக மார்க் வாங்கியவருக்குக் கோப்பை. பன்னிரண்டுக்குக் கீழே வாங்கியவருக்கு ஆரம்பநிலை. கிளிஃபர்ட் பிர்க்கெட் மேடைக்குப் போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டு, கைதட்டலுக்கு நடுவே, அப்படியே இறங்கி ஆரம்பநிலைக்காரர்கள் வரிசையில் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னாலேயே மற்ற மூவரும் வந்தார்கள். வெற்றிகரமாக முதல் பிரிவு முழுசும் காலி.

செவ்வாய்க்கிழமை மேவிஸின் சொர்க்கம் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். ஒரு முட்டைக்கு முன்னால் பெர்னார்ட் ஒன்பது லென்ஸையும் பரப்பினார். முட்டையை அணுக வரிசை ஏற்பட்டது. வரிசையில் யார் முதலில் என்று "நீங்க போங்க, இல்லை நீங்க போங்க" என்று அரை மணி நேரம் போயிற்று. இமோஜன் முட்டைக்காக வருந்தினார். ஃபெர்கஸ் அதை வேகவைத்துத் தருவதாகச் சொன்னார். கிளிஃபர்டோ கோப்பையை மேஜையில் வைத்துக்கொண்டு, தன்னிடம் ஃபெயிலான பதினோரு பேருக்கும் ட்ரைபாடின் மூன்று கால்களை எந்த வரிசையில் விரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை. முழு நேரமும் மேவிஸுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"கிளிஃப்," என்றாள் மேவிஸ் வீடு திரும்பும்போது, "முதல் பிரிவு காலியா இருக்கலாமா?"

"கூடாது. கிளப் விதி. ஆரம்பநிலைப் பட்டியல்ல முதல்ல இருக்கற ஒருத்தரை மேல ஏத்தணும்."

"இப்ப முதல்ல யாரு?"

கிளிஃபர்ட் யோசித்தார். "அமைப்பாளர் பேருதான் முதல்ல. நீதான்," என்று சொல்லி முடிக்கும்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது.

அந்த வியாழக்கிழமை மாலை சர்ச் கூடத்தில் முதல் பிரிவு கூடியது. மேவிஸ் இரண்டு ஹீட்டரையும் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். ஷூவைக் கழற்றினாள். ஒரு முழு எலுமிச்சை கேக்கைப் பிரித்தாள்.

அடுத்த மாதமே பெர்னார்ட் ஒரு விண்ணப்பம் கொடுத்தார்: இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் பன்னிரண்டு மார்க் விதியைத் தளர்த்தி, இறங்கிய நால்வரையும் முதல் பிரிவுக்குத் திருப்பி அழைக்க வேண்டும். விதியைத் திருத்த வேண்டுமானால் முதல் பிரிவு உறுப்பினர்கள் ஓட்டுப் போட வேண்டும். போட்டார்கள். தீர்மானம் ஏகமனதாகத் தோற்றது.

"நீ எப்படி ஓட்டுப் போட்ட?" என்று கேட்டார் கிளிஃபர்ட், படுக்கப்போகும் முன்.

"அதெல்லாம் சொல்லக் கூடாது," என்றாள் மேவிஸ். "ரகசிய வாக்கெடுப்பு."